தெளிய வைத்த தண்ணீர்

கோயம்புத்தூர்
12.2.2025

அன்புத் தங்கை லத்தீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ரிஸ்வானாவும் நலம். உன் நலமும் மகள் சப்ரின் நலமும் அறிய ஆவல். உன் கணவர் முஜிபுர் ரகுமானின் நலத்தை நான் விசாரிக்கவில்லை என்று வருத்தப்படாதே. அவர் நலமாகத்தான் இருப்பார். அவரைப் போன்றவர்கள் எப்போதும் நலமாகவே இருக்கிறார்கள்.

போனில் பேசினால் நீயும் நானும் இரண்டாவது நிமிஷத்திலேயே கத்தத் தொடங்கிவிடுகிறோம். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நேரில் வர மாட்டேன். சப்ரின் கல்யாணத்தில், பந்தியில் இலை போட்ட பிறகு, "எங்க மச்சான் மனுப் போடாத ஆபீஸ் தமிழ்நாட்டுலயே கெடையாது" என்று உன் கணவர் சொல்ல, ஊரே சிரித்தது. சாப்பிடாமல் எழுந்து வந்தவன் நான். அது எனக்கு மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மசக்கை தாங்காமல் உன்னிடம் வந்திருக்கும் சப்ரினுக்கு, இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை என்று ரிஸ்வானா சொன்னாள். பட்டறையில் சாயம் கலக்கும் சோணைக்கு வயிற்றைப் பிசைகிறது, வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது என்றும் சொன்னாள். இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்தன்று உங்கள் பூக்கல் பட்டறைக்குப் பின்னால், வார்த்த தரைக்கற்களை ஊறப்போடும் தொட்டியிலிருந்து ஊருணிக்குப் போகும் வாய்க்காலைப் பார்த்தேன். அதன் ஓரமெல்லாம் எலுமிச்சை மஞ்சளாகப் படிந்திருந்தது. பழைய காவி மஞ்சள் அப்படிப் பளீரென்று இருக்காது. அந்த நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் பொடிகளில் காரீயம் இருப்பதுண்டு. வயிற்றில் இருக்கும் பிள்ளையை அது விடாது.

இத்துடன் ஒரு காலி பாட்டில் வைத்திருக்கிறேன். அதில் ஊருணித் தண்ணீரைப் பிடித்துக் காரைக்குடியில் கோவை பஸ்ஸில் பார்சலாகப் போடு. நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். நானோ துகள் என்கிறார்கள். ஒவ்வொரு துகள்மேலும் காரீயத்தைப் பிடிக்கிற ஒரு பூச்சு பூசியிருக்கிறேன். தண்ணீரில் காரீயம் இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரளும், சிவப்பு நீலமாகிவிடும். குழாய்த் தண்ணீரை அனுப்பாதே. அதிலுள்ள உப்புக்கே துகள் திரண்டுவிடும்.

உன் அண்ணன்,
அன்வர் சாதிக்


செம்மணேந்தல்
26.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். அல்லாஹ் அருளால் நாங்கள் சுகம். மதினிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சப்ரின் இப்போது மோர் சோறு மட்டும் சாப்பிடுகிறாள். சார்ஜாவிலிருந்து மாப்பிள்ளை தினமும் பேசுகிறார்.

பாட்டிலை அவர் பார்த்துவிட்டார். "என்ன, ஒங்க அண்ணன் டானிக் அனுப்பிருக்காகளா?" என்றார். தண்ணீர் பிடிக்க என்றேன். "தண்ணியப் புடிச்சு? அடுத்தாப்புல ஊருணிக்கும் ஒரு மனுவா? அனுப்பு அனுப்பு. எங்க அத்தா காலத்துல இருந்து குடிக்கிற தண்ணி" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கோபம் இல்லை. அவரைப் பற்றி நீங்கள் நினைப்பது எல்லாம் சரியில்லை அண்ணா.

கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றுகிறார்கள். தரை முழுவதும் இந்தப் புது மஞ்சள் பூக்கல்தான் வேண்டுமாம். பட்டறையில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது. வெகு நாளைக்குப் பிறகு இவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது.

ஊருணித் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதில் எங்கே விஷம்? எது வந்தாலும் எனக்கு மட்டும் எழுதுங்கள். வேறு யாருக்கும் எழுதிவிடாதீர்கள்.

துஆவுடன்,
லத்தீபா


கோயம்புத்தூர்
8.3.2025

அன்பு லத்தீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு தொடங்கி ஒரு வாரமாகிறது. சப்ரின் நோன்பு வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

சோதனை முடிந்தது. நிறம் மாறவில்லை. சிவப்பு சிவப்பாகவே நின்றது. நீலம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவேண்டுமென்று விரும்பினேன் என்றுகூட நீ வைத்துக்கொள். உன் கணவர் இதைப் படித்தால் சிரிப்பார். சிரித்து முடிக்கட்டும், பிறகு அடுத்த வரியைப் படிக்கச் சொல்.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அதனால் உன் பாட்டில் நீரில் நானே காரீய உப்பைக் கலந்தேன். ஒரு யானைக்கே ஆகாத அளவு. பிறகு மறுபடி தங்கச் சொட்டு விட்டேன். அப்போதும் சிவப்புதான்! விஷம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த தண்ணீரிலும் நிறம் மாறவில்லை என்றால், அந்தத் தண்ணீரில் வேறு ஏதோ ஒன்று என் துகள்களைப் போர்த்தி மூடிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் முதலில் வந்த சிவப்புக்கும் மதிப்பில்லை.

இன்னொன்று. நம் ஊருணித் தண்ணீர் எந்த மாசியில் கண்ணாடி மாதிரி இருந்திருக்கிறது? செம்மண் கரைந்து டீ நிறத்தில் அல்லவா கிடக்கும்? பாட்டிலில் ஊற்றுவதற்கு முன் என்ன செய்தாய்?

அன்வர் சாதிக்


செம்மணேந்தல்
20.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உங்களுக்கும் மதினிக்கும் வயிற்றுப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எதுவும் செய்யவில்லை. எப்போதும் செய்வதைத்தான் செய்தேன். குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்து, தண்ணீரை ஊற்றி வைத்தேன். கலங்கல் அடியில் போனதும் மேலாக மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாட்டிலில் நிரப்பினேன். வீட்டுக்கு வருகிற அந்நிய மனுஷனுக்கே கலங்கல் தண்ணீர் கொடுப்பதில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற கூடப்பிறந்தவருக்குச் சேற்றை அடைத்தா அனுப்புவேன்? பாட்டிலைப் பார்த்து உங்கள் ஆபீஸில் என்ன நினைப்பார்கள்? இது தப்பு என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது ஊருணித் தண்ணீரில்தான். பெரிய அண்டா அது. அதற்கு யாரும் கொட்டை உரைப்பதில்லை. அப்படியே வாளியில் மொண்டு ஊற்றுகிறார்கள். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் தெருப் பிள்ளைகள் எல்லாம் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். சப்ரினுக்கு அந்தக் கஞ்சி என்றால் உயிர். சோணை பெண்டாட்டி பொன்னுத்தாயியும் வந்து வாங்கிப் போகிறாள். புருஷனுக்கு வேறு எதுவும் வயிற்றில் நிற்பதில்லை என்கிறாள்.

அடுத்த வாரம் கலங்கலாகவே பிடித்து அனுப்புகிறேன். சந்தேகம் தீர்ந்தால் போதும்.

லத்தீபா


கோயம்புத்தூர்
2.4.2025

அன்பு லத்தீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்து. இங்கே பெருநாளன்று ரிஸ்வானா வட்டலப்பம் செய்தாள். எனக்கு இறங்கவில்லை.

நீ சொன்ன பாட்டில் இன்னும் வரவில்லை. பஸ்காரர்களிடம் தினமும் போய்க் கேட்கிறேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை. தேத்தாங்கொட்டையிலிருந்து வரும் பசைதான் என் துகள்களின்மேல் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் செய்துவிட்டது. அது சேற்றைக் கீழே இறக்கும், சேற்றோடு கொஞ்சம் காரீயத்தையும் இறக்கியிருக்கும். மிச்சம் கரைந்து நிற்பது என் தங்கத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. நம் ஊர்க்காரர் ஒருவருக்காவது இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். அந்த ஒருவன் நான்தான். எனக்கும் தோன்றவில்லை.

இந்தச் சோதனையை முதலில் செய்து காட்டியவன் நான் என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது முதலில் எங்கள் பேராசிரியர் பெயர், அடுத்து அவருடைய மருமகன் பெயர். நான் நன்றி கூறும் பத்தியில், கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவருக்குப் பக்கத்தில் இருந்தேன். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பத்தியை நான் தினமும் மனசுக்குள் படிக்கிறேன். சோதனை சரியானது, அதைக் கண்டுபிடித்தவன் சரியான ஆள் என்று ஒரு தடவையாவது நிரூபணமாக வேண்டும்.

ஆகவே கலங்கல் தண்ணீரோடு அந்த மஞ்சள் பொடியிலும் ஒரு சிட்டிகை மடித்து அனுப்பு. பதில் வரும்வரை சப்ரினுக்கு ஊருணித் தண்ணீர் ஒரு வாய்கூடக் கொடுக்காதே.

அன்வர் சாதிக்


கோயம்புத்தூர்
5.5.2025

லத்தீபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலமா என்று கேட்டு எழுதி மாதம் ஒன்றாகிவிட்டது. பதில் இல்லை. ரிஸ்வானா போன் செய்தால், "நல்லாருக்கோம் மதினி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாயாம்.

நீ யாரைக் காப்பாற்றுகிறாய்? இந்த வாரத்துக்குள் பாட்டில் வராவிட்டால், சோதனை இல்லாமலேயே மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிவிடுவேன். எனக்கு அது புதிதல்ல என்று உன் கணவரே பந்தியில் சொல்லியிருக்கிறார்.

அன்வர் சாதிக்


செம்மணேந்தல்
11.5.2025

மச்சானுக்கு முஜிபுர் ரகுமான் எழுதுவது.

சலாம். நலம், நலமறிய அவா. எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். ஒங்க ரெண்டு கடுதாசியும் எங்கிட்டத்தான் இருக்கு. லத்தீபா கைக்குப் போகல. போஸ்ட்மேன் நம்ம சேவுகப்பெருமாள், பட்டறையிலயே குடுத்துட்டுப் போயிருவாரு. அவள ஏசாதீக.

மச்சான், நீங்க படிச்சவுக. நான் பன்னெண்டாவது பெயிலு. ஒரே பெஞ்சுல ஒக்காந்தோம், நீங்க காலேஜுக்குப் போனீக, நான் சிமிண்டுக்குப் போனேன். அத இன்னும் சொல்லிக் காட்டுறீக. சொல்லுங்க. ஆனா என் தொழில்ல கை வைக்காதீக. மதுரையில கடையில ரசீது போட்டு வாங்குன பொடி அது. கடைக்காரன் விக்கிறான், நான் வாங்குறேன். ஓட்டல்காரன் இந்த மஞ்சள்தான் வேணுங்கிறான். இத நிப்பாட்டுனா எட்டு வீட்டுல அடுப்பு எரியாது. அதுல ஒண்ணு ஒங்க தங்கச்சி அடுப்பு.

சோணைக்குக் கை வெளங்காமப் போனதுக்கு நானா காரணம்? அவன் குடிக்கிற சரக்கப் போயி டெஸ்ட் பண்ணுங்க.

ஊருணித் தண்ணிய நானும்தான் குடிக்கிறேன். காலையில ஒரு செம்பு, ராத்திரி ஒரு செம்பு. எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன். நீங்க மனு போட்டாலும் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். கலெக்டர் ஆபீஸ்ல ஒங்க பேரப் பாத்தாலே கட்டுக்கு அடியில வைப்பாங்ஙெ.

கோவம் வேணாம். பேரப்பிள்ள பொறந்ததும் வாங்க. இந்தத் தடவ சாப்புட்டுட்டுப் போங்க.

முஜிபுர்


இளையான்குடி
20.5.2025

அன்பு மாமாவுக்கு சப்ரின் எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மாமியும் நலமா? நான் நலம். ஆறு மாதம் முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது நன்றாக உதைக்கிறது.

நீங்களும் அம்மாவும் கடிதம் எழுதிக்கொள்கிறீர்கள் என்று மாமி சொன்னார்கள். அதனால்தான் நானும் எழுதுகிறேன். போனில் கேட்டால் அழுதுவிடுவேன். மாமா, அம்மா என்னை இங்கே என் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழாம் மாதம் எல்லாரும் புருஷன் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்குப் போவார்கள். நான் அம்மா வீட்டிலிருந்து இங்கே வந்திருக்கிறேன். தலைப்பிரசவத்தைப் பெற்றவள் வீட்டில் பார்க்க முடியாதாமா என்று இங்கே சொந்தக்காரர்கள் காதுபடக் கேட்கிறார்கள். மாமியார் நல்லவர், ஒன்றும் சொல்வதில்லை.

நான் என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "பிள்ள பொறந்து நானா வந்து கூப்புடுற வரைக்கும் அங்குட்டே இரு. இங்குட்டு வரவே கூடாது" என்றார்கள். முகத்தைக் கூடத் திருப்பிக்கொண்டார்கள். "என்னம்மா கோவம்?" என்றேன். பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

அத்தாவும் ஒரு மாதிரி இருக்கிறார். நோன்புப் பெருநாளுக்கு முன்னாலிருந்தே அவர் வீட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. காரைக்குடியிலிருந்து கேன் தண்ணீர் வருகிறது, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. "அம்மாவுக்கு?" என்று கேட்டதற்கு, "நீ குடி" என்று அதட்டினார். அம்மா அந்தக் கேனைத் தொடவே இல்லை. ஊருணித் தண்ணீரையே மொண்டு, அத்தா முகத்தைப் பார்த்துக்கொண்டே குடிப்பார்கள். இருவருக்கும் ஏதோ சண்டை. எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமா?

அம்மாவுக்கு எழுதுவதானால் பொன்னுத்தாயி அக்கா பெயருக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வரும் தபாலை அத்தா கொடுப்பதில்லை.

சப்ரின்


கோயம்புத்தூர்
26.5.2025

லத்தீபாவுக்கு, பொன்னுத்தாயி மூலமாக.

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன். அந்தத் தண்ணீரை நீ ஏன் குடிக்கிறாய்?

சப்ரின் எழுதியிருந்தாள். நீ கோபமாக இருப்பதாக நினைத்து அழுகிறாள். அவளுக்குப் பதில் போட்டுவிட்டேன். மதுரையில் பெரிய பரிசோதனை நிலையத்தில் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

உன் கணவரும் எழுதியிருந்தார். காலையில் ஒரு செம்பு, ராத்திரி ஒரு செம்பு ஊருணித் தண்ணீர் குடிக்கிறாராம். கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் குடித்தால் அது ஊருணித் தண்ணீராகிவிடுமா? அவருக்குத் தெரியும். சோதனை எதுவும் செய்யாமலேயே தெரியும். தெரிந்துகொண்டு மகளுக்கு ஒரு கேனும் தனக்கு ஒரு கேனும் வாங்கிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளின் கஞ்சியை அண்டாவில் கொதிக்கவிட்டார்.

உனக்கும் தெரியும். என் தங்கத் துகள் சொல்லாததை உன் மகளை நீ பஸ் ஏற்றியது சொல்லிவிட்டது. தலைப்பிள்ளைக்காரியைத் தாய் ஒருத்தி வீட்டைவிட்டு அனுப்புகிறாள் என்றால் அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு எந்தக் கருவியும் சொல்ல வேண்டியதில்லை.

மகளை அனுப்பிவிட்டாய். மற்றவர்களை எங்கே அனுப்புவாய்?

மனு எழுதி முடித்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம், தலைப்புகளோடு. என் வாழ்க்கையில் எழுதியவற்றில் இதுதான் நல்ல மனு. கையில் ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீர் இருந்தால் போதும். அனுப்பு. இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


செம்மணேந்தல்
13.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தது. இறைச்சி உங்களுக்கு அனுப்ப முடியவில்லை என்று மனசு அடித்துக்கொண்டது.

மார்ச்சிலேயே கலங்கல் தண்ணீர் பிடித்தேன். கைப்பையில் வைத்துப் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது அவர் பையை வாங்கினார். பாட்டிலைத் திறந்து முற்றத்தில் கவிழ்த்தார். "ஏங்க?" என்றேன். காலிப் பாட்டிலை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தண்ணீரில் விஷம் என்று நான் நம்பியிருக்க மாட்டேன். சாயங்காலம் முதல் கேன் வந்தது. அந்தக் கேனை நான் தொட்டிருந்தால் நானும் அவர் மாதிரி ஆகியிருப்பேன். நான் குடிக்கிறதைப் பார்த்தாவது மஞ்சளை நிறுத்துவார் என்று இருந்தேன். நிறுத்தவில்லை. தண்ணீர் தூக்க வந்த தெருப் பெண்களிடமும் நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பிள்ளையை மட்டும் பஸ் ஏற்றினேன். அதை எழுதவே கை கூசுகிறது.

சப்ரினுக்கு இரத்தத்தில் இருக்கிறது. இருக்கக் கூடாத அளவாம். இனிமேல் உள்ளே போகாமல் இருந்தால் குறையும், பால் குடிக்கட்டும், மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும், குழந்தை பிறந்ததும் அதற்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார். இளையான்குடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இதுக்குத்தான் மொகத்தத் திருப்புனியா?" என்று கேட்டுவிட்டு என் மடியில் படுத்துக்கொண்டாள்.

அந்த இரத்தப் பரிசோதனைக் காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னையத் தெருவுல நிறுத்தப் போறியா?" என்றார்.

"ஒங்கள நிறுத்தலங்க. மஞ்சளத்தான் நிறுத்தச் சொல்றேன்."

"மஞ்சள் இல்லேன்னா ஆர்டர் இல்ல."

"ஆர்டர் இல்லேன்னா சிவப்பும் பச்சையும் ஊத்துங்க. முந்தி அதுதான ஊத்துனீக?"

"ஒங்க அண்ணன் சொல்லிக் குடுத்தாரா?"

அந்த ஒரு கேள்வியோடு அவருக்குத் தெம்பு வந்துவிட்டது அண்ணா. உங்கள் பெயரைச் சொன்னதும் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபப்பட ஓர் ஆள் கிடைத்துவிட்டது. மகள் இரத்தத்தை மறந்துவிட்டு உங்களைப் பற்றியே பேசினார். ஊரிலும் இப்படித்தான் பேசுவார்கள். பந்தியில் கோபித்துக்கொண்டு போன மச்சான் பழி வாங்குகிறார் என்பார்கள். தண்ணீரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதனால் உங்கள் மனுவை அனுப்பாதீர்கள். நானே எழுதியிருக்கிறேன், ஒரே பக்கம். என் கையெழுத்து. பக்கத்தில் சோணை இடது கையால் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்குப் பொன்னுத்தாயியோடு சிவகங்கை போகிறேன். எந்தத் திங்கள் என்பது உங்கள் சோதனைக் காகிதம் வருவதைப் பொறுத்தது.

அந்தக் காகிதத்தில் உங்கள் பெயர் எங்கேயும் வரக் கூடாது. பேராசிரியர் உங்கள் பெயரை விட்டதும், நீங்கள் அன்று எங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் எனக்கு மறக்கவில்லை. தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஊருணி வற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது. பொட்டலத்தில் மஞ்சள் பொடி. பாட்டிலில் இருப்பது வாளியில் மொண்டபடியே. நான் தெளிய வைக்கவில்லை.

லத்தீபா


கோயம்புத்தூர்
19.6.2025

அன்புத் தங்கைக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பாட்டில் உடையாமல் வந்தது. நான் நலம். சப்ரின் நலத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

சேற்றைத் தனியே பிரித்து அமிலத்தில் கரைத்து, தண்ணீரையும் சேற்றையும் வெவ்வேறாகப் பார்த்தேன். உப்பால் வந்த மாற்றமில்லை என்பதையும் உறுதி செய்தேன். தண்ணீரில் விட்ட சொட்டு முதலில் ஊதாவாயிற்று. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது நீலம். சேறு அதைவிட மோசம். மஞ்சள் பொடியைக் கரைத்த நீரில் சொட்டு விழுந்ததுமே பேனா மை மாதிரி நீலமாகிவிட்டது. இந்த நீலத்தைப் பார்க்கத்தான் பிப்ரவரியிலிருந்து காத்திருந்தேன். பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. தூக்குவாளிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

ஊருணித் தண்ணீரை அனைவரும் உடனே நிறுத்த வேண்டும். கொதிக்கவைத்தாலும் காரீயம் போகாது. இதை மனு கொடுக்கும் நாள்வரை வைத்திருக்காதே. இன்றே தெருவில் சொல், பள்ளிவாசலிலும் சொல்லச் சொல். சோணையை அரசு மருத்துவமனையில் சேர்த்து, சாயப் பொடி கலப்பவர் என்று முதல் வரியிலேயே சொல்லச் சொல். அதிகாரிகள் வந்து தாங்களே தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உன் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள். அவர்கள் ஆய்வகம் சொல்வதுதான் நிற்கும்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் கீர்த்தி என்று ஒரு பெண் இருக்கிறாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து அவளையே மறுபடி செய்யச் சொன்னேன். அவளுக்கும் நீலம்தான். அறிக்கையைத் தட்டச்சு செய்துவிட்டு, "சார், இது நீங்க உண்டாக்கின முறை. உங்க பேர எந்த எடத்துல போடட்டும்?" என்று கேட்டாள்.

"எங்கேயும் வேண்டாம்மா."

"நன்றின்னு கீழயாவது போடுறேனே, சார்?"

வேண்டாம் என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். பெயர் விட்டுப்போன கதையை அந்தக் கூடத்தில் கேட்காதவர்கள் இல்லை.

அறிக்கை இத்துடன் இருக்கிறது. கையெழுத்து கீர்த்தியுடையது. என் மூன்று பக்க மனுவைக் கிழித்துவிட்டேன். குழந்தை பிறந்த செய்தி வந்ததும் வருகிறேன். உன் வீட்டுக்காரர் பந்தியில் என்ன சொன்னாலும் இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அவர் நலத்தையும் விசாரித்ததாகச் சொல். அவரும் பெருநாளுக்குச் சில நாள் முன்புவரை அதே தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார். உனக்கும் அவருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும்.

இந்தக் கடிதம் சிவகங்கையில் உன் மனுவோடு தப்பித் தவறிச் சேர்ந்துவிடலாம். யார் கண்ணிலாவது படலாம். ஆகையால் கீழே பெயர் போடவில்லை.